ஸ்காபரோவோ கோண்டாவிலோ: பென்சன் எடுத்தாப் பிறகு எங்க இருக்கிறது?

"ஊரோட வந்து இருப்பமோ, இல்லாட்டி இஞ்சையே கிடப்பமோ?" கனடாவில இருந்து ஃபோன் எடுக்கிற சொந்தக்காரர், பழைய சிநேகிதர் எல்லாரும் இப்ப இதைத்தான் கேக்கினம். கேக்கிறவை கிட்டத்தட்ட ஒரே வயசு. 1986 ஓகஸ்டில நியூஃபவுண்ட்லாந்துக் கடலில தத்தளிச்ச 155 தமிழ்ச்சனத்தை அந்த ஊர் மீன்பிடிக்காரர் காப்பாத்தின காலத்தில இருவது முப்பது வயசில ஓடித்திரிஞ்ச சந்ததி, இப்ப அறுவது எழுவதில நிக்குது. பிள்ளையள் தங்கட பாட்டில, மோட்கேஜ் முடிஞ்சுது இல்லாட்டி முடியப்போகுது, முழங்கால் நோகத் துவங்கிட்டுது, இனி எங்க?

நான் ரெண்டு இடத்திலையும் குடும்பம் நடத்தின ஆள். ரொறன்ரோவின்ர கிழக்குப் பக்கம் இருக்கிற ஸ்காபரோவில வேலை செய்து பிள்ளையளை ஆளாக்கி இப்ப யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில இருக்கிறன், கூடப்பிறந்ததுகள் இன்னும் அங்கதான். ஒரு பக்கத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை, ஆனா வாறவையும் சரி வராம நிக்கிறவையும் சரி பிழையான கணக்கைப் போட்டு முடிவெடுக்கிறதைப் பாக்க மனம் கேக்குதில்லை. அங்க இருக்கிறவைக்கு ஊர் எண்டா நல்லூர்த் தேரும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும், இஞ்ச இருக்கிறவைக்குக் கனடா எண்டா டொலர். ரெண்டையும் தள்ளி வைச்சிட்டுப் பாப்பம்.

எதை வைச்சுப் பாக்கிறது

நான் பாக்கிறது ஆறு விசயம். ஒருத்தற்ற உதவியும் இல்லாம வெளிக்கிட்டுப் போய் வரேலுமோ. வருத்தம் எண்டு படுத்தா ஆர் பாக்கிறது. பென்சன் காசு எங்க இருந்தாலும் வருமோ. தண்ணி, கறண்ட், காலநிலை. சனம், அதாவது பேச்சுத்துணையும் ஊர்வாயும். கடைசியா காணி, உறுதி, சிற்றிசன்சிப். இதில முதல் ரெண்டும்தான் முக்கியம். மற்ற நாலையும் காசு செலவழிச்சோ பொறுத்துப்போயோ சமாளிக்கலாம், இந்த ரெண்டிலையும் பிசகினா வீட்டுக்குள்ளையே வாழ்க்கை முடங்கிப்போகும்.

தனிய வெளிக்கிட்டுப் போய் வரேலுமோ

ஸ்காபரோவில கார் ஓடுற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தமிழ்க்கடை, கோயில், லைப்ரரி, டொக்டர், எல்லாம் பத்துப் பதினைஞ்சு நிமிசம். கண் மங்கி லைசன்ஸ் போற அண்டைக்குத்தான் கதை மாறுது. பஸ் இருக்கு, நல்ல பஸ், ஏறுறதுக்குச் சரிவுப் பலகையும் இறக்கி விடுவினம், ஆனா ஜனவரியில மைனஸ் பத்தில பஸ் ஸ்டொப்புக்கு நடக்கிற அந்தக் கொஞ்சத் தூரம்தான் பயம். ஐஸில சறுக்கி இடுப்பெலும்பு உடைஞ்ச ஆக்கள் எங்கட சனத்துக்குள்ள எத்தினை பேர். அதுக்குப் பயந்து நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும் உள்ளுக்கையே இருந்திடுவினம். காலமை ஆறரைக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போனா பின்னேரம் ஆறு மட்டும் ஹீற்றர் இரையிற சத்தம் மட்டும்தான் துணை, டிசம்பரில நாலே முக்காலுக்கு முதலே இருட்டியும் போடும்.

கோண்டாவிலில என்ர காலமை எப்பிடியெண்டா, ஒழுங்கை முகப்பில மீன்காரர் ஹோர்ன் அடிப்பார், நாலு வீட்டுப் பொம்பிளையளும் சட்டியோட கேற்றடிக்கு வருவம், விளைமீனின்ர செவுளைத் தூக்கிப் பாத்து, நேற்றையான் மீனோ எண்டு அவரோட சண்டை பிடிச்சு, விலை குறைச்சு, அவர் சைக்கிள் பலகையில வைச்சு வெட்டித் தாற பத்து நிமிசத்துக்குள்ள ஆற்ற வீட்டில என்ன நடந்தது எண்ட செய்தி முழுக்க வந்திடும். பிறகு ஓட்டோவுக்குச் சொன்னா திருநெல்வேலிச் சந்தை, பாங், கோயில், எங்கையும் போய் வரலாம், ஓட்டோக்காரத் தம்பியே சாமானைத் தூக்கிக் கொண்டந்து குசினியில வைப்பார். எழுவத்தைஞ்சு வயசு ஆள் ஒருத்தரையும் கெஞ்சாம தன்ர நாளைத் தானே நடத்தலாம். இதை ரொறன்ரோவில எவ்வளவு டொலர் குடுத்தும் வாங்கேலாது.

ஆனா இதின்ர மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. எங்கட ஒழுங்கையளில நடைபாதை எண்டு ஒண்டு இல்லை, மோட்டசைக்கிள் பெடியள் வாற வேகத்துக்கு வயசுபோனவை ஒதுங்கிறதுக்குள்ள போதும் போதும் எண்டாகிடும், பாங், கந்தோர், கோயில் எல்லாம் படி. சில்லுக் கதிரையில இருக்கிற ஆளை இஞ்ச வெளிய கூட்டிக்கொண்டு போறதெண்டா ரெண்டு ஆம்பிளையள் தூக்கோணும். ரொறன்ரோவில அதுக்கெண்டே வீல் ட்ரான்ஸ் எண்டு ரிரிசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவை) வாகனம் வீட்டு வாசலுக்கு வரும், பெரும்பாலான பொதுக் கட்டிடங்களில சில்லுக் கதிரை ஏறும். கால் நடக்கிற மட்டும் கோண்டாவில், கால் விட்டிட்டுதெண்டா ஸ்காபரோ. என்ர முடிவு இதில தெளிவு.

வருத்தம் எண்டு படுத்தா

கனபேர் "ஊரில ஆஸ்பத்திரி சரியில்லை" எண்டு ஒரே வசனத்தில முடிக்கினம், அது சரியில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலை, கம்பஸ் மெடிக்கல் பக்கல்ற்றி 1978ல இருந்து அதோட சேந்து ஓடுது, தெல்லிப்பழையில புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி இருக்கு, ஃபோனில 1990 எண்டு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும், வடக்குக்கு அது 2018ல வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் செய்தாலும் பில் இல்லை. பிறைவேற்றில நம்பர் எடுத்தா அண்டைக்குப் பின்னேரமே ஸ்பெசலிஸ்டைக் காணலாம். ரொறன்ரோவில அதே ஸ்பெசலிஸ்டுக்கு ஃபமிலி டொக்டர் எழுதி அனுப்பி மாசக்கணக்கில பாத்துக்கொண்டு இருக்கிறது சர்வசாதாரணம், எமேர்ஜென்சியில மணித்தியாலக்கணக்கில இருக்கிறதும் எல்லாருக்கும் தெரிஞ்சது.

அப்ப இஞ்ச என்ன குறை? நிக்க ஆள் வேணும். வாட்டில படுத்தா பக்கத்தில ஒருத்தர் நிக்கோணும், சாப்பாடு கொண்டு போகோணும், டொக்டர் எழுதிற மருந்து உள்ளுக்க இல்லையெண்டா வெளிய ஃபார்மசிக்கு ஓடோணும். 2022ல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் கனடாவில இருந்து ஆக்களிட்டக் குடுத்து விட்ட பிறசர் குளிசையில உயிர் வாழ்ந்த ஆக்களை எனக்குத் தெரியும். பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டில, இஞ்ச சகோதரம் ஒண்டும் இல்லை எண்டா அந்த நிக்கிற ஆள் ஆர்? காசுக்கு ஆள் பிடிக்கலாம், நல்ல மனிசரும் இருக்கினம், ஆனா பயிற்சி எடுத்த ஆள் கிடைக்கிறது அருமை, விசாரிச்சு எடுக்காட்டி கழுத்துச் சங்கிலியும் சேந்து போகும்.

கனடாவில பெரிய வருத்தம் எண்டா அந்தச் சிஸ்ரம் உங்களைத் தூக்கிக்கொள்ளும். கான்சர், பாரிசவாதம், டயலிசிஸ், இதெல்லாத்துக்கும் ஓஹிப் எண்ட ஒன்ராறியோ அரசாங்க வைத்தியக் காப்புறுதி இருக்கு, 65 வயசுக்கு மேல பெரும்பாலான மருந்துக்கும் சின்னக் காசுதான், வீட்டுக்கு வந்து பராமரிக்கிற, தமிழ் கதைக்கிற பேர்சனல் சப்போர்ட் வேக்கர் பிள்ளையளும் ஸ்காபரோவில தாராளமா இருக்கினம். அங்கத்தைக் குறை லோங் ரேம் கெயார் ஹோம், அதாவது ஏலாதவையை வைச்சுப் பராமரிக்கிற இல்லம். லிஸ்றில பேர் போட்டிட்டு நீண்ட காலம் காத்திருக்கோணும், கிடைக்கிற இடத்தில தமிழ்ச் சாப்பாடோ தமிழ் கதைக்கிற ஆளோ இருக்குமெண்டு இல்லை. சோறு கறியோட வளந்த மனிசிக்கு மூண்டு நேரமும் மசிச்ச கிழங்கைக் குடுத்தா அவ சாப்பிடாமலே மெலிஞ்சு போவா, நான் கண்ணால கண்டனான்.

காசு: பென்சனை நம்பி வாறவை இதை ரெண்டு தரம் வாசியுங்கோ

சொந்த வீடு இருந்தா ரெண்டு பேர் கோண்டாவிலில மாசம் ஒன்றரை லட்சம் ரூபாயில, மருந்து, ஓட்டோ, கோயில், கலியாண வீட்டுக் காசு எல்லாத்தோடையும் மானமா இருக்கலாம். கனேடியன் டொலர் ஒண்டு இருநூறு ரூபாய்க்கு மேல போற நேரத்தில அது எழுநூறு டொலர் மட்டில. ஸ்காபரோவில அந்தக் காசு ஒரு பேஸ்மென்ற் வாடகைக்கும் காணாது. இந்த இடத்தில நிப்பாட்டிப்போட்டுத்தான் கனபேர் ரிக்கற் போடினம்.

நிப்பாட்டாதேங்கோ. ஓல்ட் ஏஜ் பென்சன் முழுசா எடுக்கோணுமெண்டா 18 வயசுக்குப் பிறகு கனடாவில 40 வருசம் இருந்திருக்கோணும், இருவத்தெட்டு வருசம் இருந்தவைக்கு 40ல 28 பங்குதான். கனடாவை விட்டு வெளிய போயும் அது தொடர்ந்து வரோணுமெண்டா குறைஞ்சது 20 வருசம் இருந்திருக்கோணும், அதுக்குக் குறைவெண்டா ஆறு மாசத்துக்கு மேல வெளிய நிண்டவுடன நிண்டிடும். அதைவிட முக்கியம் ஜிஐஎஸ். குறைஞ்ச வருமானக்காரருக்குக் குடுக்கிற அந்த மேலதிகக் காசு, எத்தினை வருசம் இருந்திருந்தாலும் சரி, ஆறு மாசத்துக்கு மேல வெளிய நிண்டா வராது. ஃபக்ரறியில வேலை செய்து, பாதிக்காலம் கணக்கில வராம கைக்காசுக்கு வேலை செய்த எங்கட சனத்துக்குச் சிபிபி, அதாவது சம்பளத்தில கட்டின காசுக்கு வாற பென்சன், குறைவு, ஜிஐஎஸ்தான் அவையின்ர உயிர்நாடி. அதை மறந்து கணக்குப் போட்டா ஊரில வந்து கை கடிக்கும். சிபிபி மட்டும் உலகத்தில எங்க இருந்தாலும் வரும், அதில பயமில்லை. நொன் ரெசிடன்ற், அதாவது கனடாவில வசிக்காத ஆள், எண்டு ஆகினா பென்சனில வரி பிடிச்சுப்போட்டுத்தான் அனுப்புவினம், கனடாவுக்கும் இலங்கைக்கும் வரி ஒப்பந்தம் இருக்கு, ஒரு எக்கவுண்டனுக்குக் காசு குடுத்து எவ்வளவு பிடிப்பினம் எண்டதை வெளிக்கிட முதலே எழுதி வாங்குங்கோ.

இன்னொண்டு, ரூபாய். 2022ல சில மாசத்துக்குள்ள அமெரிக்க டொலர் இருநூறில இருந்து முன்னூற்றறுவதுக்குப் போனது. வீட்டை வித்து முழுக் காசையும் ரூபாயில மாத்தி பிக்ஸ் டிப்போசிற்றில போட்டிருந்த ஆக்களின்ர காசு கண்ணுக்கு முன்னால தேஞ்சது. தேவையானதை மட்டும் மாசம் மாசம் மாத்துங்கோ.

தண்ணி, கறண்ட், வெயில், குளிர்

ஸ்காபரோவில பைப்பைத் திறந்தா குடிக்கலாம், கறண்ட் போறது அபூர்வம், அதோட கதை முடிஞ்சுது. இஞ்ச வருசம் முழுக்க ஓடுற ஆறும் இல்லை, சுண்ணக்கல்லுக்கு அடியில தேங்கிற மழைத்தண்ணிதான் எங்கட கிணறு. தோட்டப் பக்கங்களில உரத்தால நைத்திரேற்று கூட, சுன்னாகத்தில 2014, 2015ல கிணறுகளில எண்ணெய் கலந்த பிரச்சினை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், தீவுப்பகுதியில உப்பு. தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற பிளான்ற் 2024ல திறந்தவை, ஆனா உங்கட ஒழுங்கைக்குப் பைப் லைன் வந்திட்டுதோ எண்டு பாத்திட்டுத்தான் வீடு எடுக்கோணும். கிணத்துத் தண்ணியை ரெஸ்ற் பண்ணாம குடிக்காதேங்கோ, சிறுநீரக வருத்தம் இருக்கிறவை முக்கியமா. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினவை, இப்ப அந்த நிலை இல்லை, எண்டாலும் இன்சுலினைப் ஃபிரிட்ஜில வைக்கிற ஆக்கள் சோலாரும் பற்றறியும் போட்டிட்டு வாங்கோ. ஏப்ரல், மே புழுக்கம் கஷ்டம், மாரியில நுளம்பும் டெங்குவும். குளிர் மூட்டு நோவுக்குக் கூடாதெண்டு வாற ஆக்களுக்கு மட்டும் இது பெரிய ஆறுதல்.

சனம்: பேச்சுத்துணையும் ஊர்வாயும்

ஊரில தனிமை இல்லையெண்டு எல்லாரும் சொல்லுவினம், அது பாதி உண்மை. நீங்கள் விட்டிட்டுப் போன ஊர் இப்ப இல்லை. உங்களோட படிச்ச ஆக்கள் பாதிப்பேர் வெளிநாடு, சிலர் போரில செத்துப்போச்சினம், மிச்சப் பேருக்கு நீங்கள் "கனடாக்காரர்". அந்தப் பேரோட ஒரு விலையும் ஒட்டி வரும். மேசன் கூலி உங்களுக்கு ஒரு ரேற், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு ரேற், கோயில் உபயம் எண்டா முதல் உங்கட கேற்றைத்தான் தட்டுவினம், சொந்தக்காரப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிற ஏஜென்சிக் காசுக்கும் உங்களிட்டத்தான் வருவினம், இல்லையெண்டு சொன்னா முகம் திரும்பிடும். இதுக்கு முதலே மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்து, ஒரு எல்லையைப் போட்டு, அதில நில்லுங்கோ. சனம் ஒரு வருசம் கோவிக்கும், பிறகு பழகிடும்.

பொம்பிளையளுக்கு நான் தனிய ஒண்டு சொல்லோணும். கனடாவில கணவன் செத்த பிறகும் நெற்றியில பொட்டோட, பிடிச்ச நிறத்தில சீலை கட்டி, கலியாண வீட்டில முன்வரிசையில இருந்த மனிசி, இஞ்ச வந்தா நல்ல காரியத்தில பின்னுக்குத் தள்ளி விடப்படுவா. மாறிக்கொண்டு வருகுது, எண்டாலும் இன்னும் கிடக்கு. டிவோஸ் எடுத்த பொம்பிளை தனிய வீடு எடுத்து இருந்தா ஒழுங்கை முழுக்க அதுதான் கதை. ஸ்காபரோவில ஒருத்தரும் உங்களைக் கவனிக்கமாட்டினம் எண்டு குறை சொல்லுறம், ஆனா அந்தக் கவனிக்காமைதான் சில பொம்பிளையளுக்கு வாழ்நாளில கிடைச்ச பெரிய சுதந்திரம். தம்பதியா வாறவைக்கு ஊர் நல்லது எண்டு சொல்ல எனக்குத் தயக்கமில்லை, தனிய வாற பொம்பிளையளிட்ட "கூடப்பிறந்தவையோட ஒரே ஒழுங்கையில இருக்கேலுமோ" எண்டு கேட்டிட்டுத்தான் சொல்லுவன்.

பேரப்பிள்ளையள். வீடியோ கோலில பாக்கலாம்தான், ஆனா நேர வித்தியாசம் கோடையில ஒன்பதரை, வின்டரில பத்தரை மணித்தியாலம். அதுகள் பள்ளிக்கூடத்தால வர இஞ்ச நடுச்சாமம் தாண்டிடும். இதைத்தான் திரும்பி வந்தவை அதிகம் சொல்லி அழுகினம்.

காணியும் உறுதியும்

கனேடியன் சிற்றிசன் எடுத்தவை இரட்டைக் குடியுரிமை எடுக்காட்டி இலங்கைச் சட்டத்தில வெளிநாட்டுக்காரர். 2014ம் ஆண்டின் 38ம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக்காரருக்குக் காணி எழுதேலாது, முதுசமா வாறது வேற, இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு அந்தத் தடை இல்லை. அதால முதல் இரட்டைக் குடியுரிமை, பிறகு காணி. "தம்பியின்ர பேரில வாங்கி விடுவம்" எண்டு போய், தம்பி செத்து, மச்சாளும் பிள்ளையளும் உரிமை கொண்டாடி, கோட்டுக்கு அலைஞ்ச குடும்பம் எங்கட ஒழுங்கையிலையே இருக்கு.

இருக்கிற காணியெண்டாலும் உறுதியை எடுத்து ஒரு நொத்தாரிசிட்டக் காட்டுங்கோ. யாழ்ப்பாணத் தமிழற்ற வழமைச் சட்டமான தேசவழமையில பிரிபடாத பங்கு இருந்தா பங்காளியளுக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது மற்றவைக்கு முதல் வாங்கிற உரிமை, இருக்கு, அவைக்கு அறிவிக்காம விக்கவோ வாங்கவோ வெளிக்கிட்டா பிறகு வழக்குத்தான். கலியாணம் செய்த பொம்பிளை தன்ர பேரில இருக்கிற காணியை விக்கிறதுக்கும் புருசன்ர சம்மதம் வேணும், சீதனக் காணியெண்டாலும் அப்பிடித்தான். கனடாவில வீட்டை விக்கிறது இதோட ஒப்பிட்டா லேசு, லோயர் ஒராள் காணும்.

ஒரு பார்வையில

| விசயம் | ஸ்காபரோ | கோண்டாவில் |
|---|---|---|
| தனிய நடமாட்டம் | கார் ஓடுற மட்டும் நல்லம், சில்லுக் கதிரைக்கும் நல்லம் | கால் நடக்கிற மட்டும் மிக நல்லம் |
| சின்ன வருத்தம் | காத்திருப்பு | உடன பாக்கலாம் |
| பெரிய வருத்தம் | சிஸ்ரம் பாக்கும் | நிக்க ஆள் வேணும் |
| மாசச் செலவு | கூட | குறைவு, ஜிஐஎஸ் போகும் |
| தண்ணி, கறண்ட் | பிரச்சினை இல்லை | நீங்கள்தான் ஒழுங்கு பண்ணோணும் |
| சனம் | பேரப்பிள்ளையள், சுதந்திரம் | அயலட்டை, ஊர்வாய் |

ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இஞ்ச

கையில கொஞ்சம் காசும் உடம்பில தெம்பும் இருக்கிறவைக்கு நான் முதல் சொல்லுறது இதைத்தான். ஓஹிப் நிலைக்கோணுமெண்டா எந்தப் பன்னிரண்டு மாசத்திலையும் 153 நாள் ஒன்ராறியோவில நிக்கோணும். அப்ப 212 நாள் வெளிய நிக்கலாமெண்டு சந்தோசப்படாதேங்கோ, ஜிஐஎஸ் எடுக்கிறவைக்கு ஆறு மாசம்தான் எல்லை, ரெண்டையும் பாத்து எது குறைவோ அதைப் பிடியுங்கோ. மறைஞ்சு கிடக்கிற செலவு என்னெண்டா, ரெண்டு வீடு, ரெண்டு இடத்துப் பில், பூட்டிக் கிடக்கிற ஊர் வீட்டுக்குக் காவல், எழுவது தாண்டினா எகிறிற ட்ரவல் இன்சூரன்ஸ். டோகாவோ டுபாயோ சுத்தி இருவது மணித்தியாலத்துக்கு மேல பறந்து கொழும்பில இறங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு நானூறு கிலோமீற்றர், அதை எண்பது வயசில செய்யேலாது. பலாலி எயார்போட் 2019ல திரும்பத் திறந்ததால சென்னையால வாறவைக்கு அந்தத் தெருப் பயணம் மிச்சம். இந்த வழி எழுவத்தைஞ்சு மட்டும் ஓடும், அதுக்குப் பிறகு ஒரு இடத்தைத் தெரிவு செய்யத்தான் வேணும்.

ஆருக்கு எது

ரெண்டு பேரும் உசாரா, சொந்த வீடு இருந்து, ஊரில ஒரு சகோதரமாவது பக்கத்தில இருந்து, பென்சன் ஜிஐஎஸ்ஸை நம்பி இல்லாட்டி, வாங்கோ, பிந்தாம வாங்கோ. எழுவத்தெட்டு வயசில வருத்தத்தோட வந்து இறங்கிறதிலை ஒரு பலனும் இல்லை, ஊரை அனுபவிக்கிறதுக்கும் கால் வேணும்.

டயலிசிஸ், கான்சர் ட்ரீட்மென்ற், மறதி வருத்தம் துவங்கின ஆக்கள் அங்கையே நில்லுங்கோ. மறதி வருத்தக்காரரை "ஊர்க்காத்துப் பட்டாச் சரியாகும்" எண்டு கொண்டந்து விட்டிட்டுப் போற பிள்ளையளிட்ட நான் நேராவே சொல்லியிருக்கிறன், அது பெத்ததுகளுக்குச் செய்யிற அநியாயம்.

பள்ளிக்கூடப் பிள்ளையளோட திரும்ப யோசிக்கிற இளம் குடும்பங்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது, தமிழில சோதினை எழுதி ஏஎல் போட்டி போடுறது இடையில வந்து சேருற பிள்ளைக்கு லேசில்லை, அவை நில்லுங்கோ.

மற்றப் பக்கம், ஊரில இருக்கிற தாய் தேப்பனைச் சூப்பர் விசாவில கூப்பிடுறவை. ஒரு தரம் வந்தா அஞ்சு வருசம் மட்டும் நிக்கலாம், ஆனா அவைக்கு ஓஹிப் இல்லை, பென்சன் இல்லை, குறைஞ்சது ஒரு லட்சம் டொலர் கவரேஜ் உள்ள இன்சூரன்ஸ் எடுத்தால்தான் விசாவே. அவையின்ர ஊர் வீட்டை வித்துப்போட்டுக் கூப்பிடாதேங்கோ. திரும்பிப் போறன் எண்டு அம்மா ஒரு நாள் கேட்டா போறதுக்கு இடம் இருக்கோணும்.

முடிவெடுக்க முதல் ஒருக்கா

நல்லூர்த் திருவிழா நேரம் வந்து நிண்டு முடிவெடுக்காதேங்கோ. அந்த 25 நாளும் ஊர் முழுக்க வெளிநாட்டுச் சனம், மழை இல்லை, எல்லாற்ற முகத்திலையும் சிரிப்பு. ஒக்டோபர் நடுப்பகுதியில வந்து ஜனவரி மட்டும் வாடகை வீட்டில இருந்து பாருங்கோ. வெள்ளம் நிக்கிற ஒழுங்கையால ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒருக்காப் போங்கோ, பின்னேரம் ஆறரைக்குப் பிறகு என்ன செய்யிறியள் எண்டு கவனியுங்கோ, ரெண்டு பேரும் தனித்தனிய விருப்பத்தைச் சொல்லுங்கோ, ஏனெண்டா ஆம்பிளை ஊரெண்டு துடிக்கிற வீட்டில கனக்கப் பொம்பிளையள் பேரப்பிள்ளையளை விட்டிட்டு வரேலாம வாயை மூடிக்கொண்டு இருக்கினம். அதுவரைக்கும் கனடா வீட்டை விக்க வேண்டாம், வாடகைக்குக் குடுங்கோ. ரிக்கற்றும் திகதி மாத்தக்கூடிய ரிற்றேண் ரிக்கற்றாப் பாத்துப் போடுங்கோ.